முறத்தில் பரப்பிய இங்கிலீஷ்

1

மண்ணச்சநல்லூரில் சிறு பத்திரிகை நடத்தும் என் பள்ளித் தோழர் ஒரு கார்டு போட்டிருக்கிறார். "நிஜாம் சீமைக்குக் குடிபோய் இத்தனை வருஷம் ஆகிறதே, அங்கே நீர் கண்ட பெரிய அதிசயம் எது? வாசகர்களுக்கு எழுதும்" என்று கேட்கிறார். வைரம், யானை ஊர்வலம், சார்மினார் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. சார்மினாரைப் பார்த்தேன். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை வாய் பிளந்து உட்காரவைத்த அதிசயத்தைச் செகந்தராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில், என் வீட்டு அடுப்படியில், ஒரு முறத்தில் பார்த்தேன். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் தங்கள் உயிரெழுத்துக்களை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதுதான் அந்த அதிசயம். தோழர் ஏமாந்துபோவார். போகட்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கடல் தாண்டி வரவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்தால் வந்து சேர்ந்துவிடலாம். ஆனாலும் இது வேறு ராஜ்யம். நாணயம் வேறு, தபால்தலை வேறு, மாதங்களின் பெயர்கூட வேறு. முதல் தடவை வந்தபோது எல்லையில் சுங்கக்காரன் என் மனைவியின் அப்பள டின்னைத் திறந்து ஒவ்வொரு அப்பளமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தெருவில் தெலுங்கு, ஆபீஸ் காகிதத்தில் உருது, ரயில் வேலையில் இங்கிலீஷ், வீட்டுக்குள் தமிழ் என்று நாளுக்கு நாலு தடவை நாக்கை மாற்றிக்கொள்கிறோம். காலனியில் நம்மவர் பிள்ளைகளை "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டால் "நக்கோ" என்று கூவிவிட்டு ஓடுகிறார்கள். வேண்டாமாம். தமிழ் காதுக்குள் போகிறது, வெளியே வரும்போது வேறு ஏதோவாக வருகிறது.

2

நான் வந்தது தந்தி குமாஸ்தாவாக. எனக்கு இங்கிலீஷ் கையில் இருந்ததே தவிர வாயில் இல்லை. நிமிஷத்துக்கு இருபத்தைந்து வார்த்தை அடிப்பேன், வாங்குவேன். ஒரு எழுத்து பிசகாது. வாயைத் திறந்து பேசச் சொன்னால்தான் வியர்க்கும்.

இதில் என் குற்றம் பாதி, நம் பாஷையின் பெருமை பாதி. நம் எழுத்துக்கள் நாணயமானவை. 'ஆ' என்று எழுதியிருந்தால் எங்கே எழுதியிருந்தாலும் ஆதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று திருச்சியில் பெஞ்சின்மேல் நின்று படித்தவன் நான். இங்கிலீஷுக்கும் அதே நியாயத்தை வழங்கினேன். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்துக்கும் எங்கே பார்த்தாலும் முழு மரியாதை. பிறகு தந்தி வேலை. அதில் எழுத்து எழுத்தாகத்தான் அனுப்ப முடியும். ஆக என் இங்கிலீஷ் மாலையாகக் கட்டுவதற்கு முன்னால் கொட்டிக்கிடக்கும் பூவாக இருந்தது. எல்லாம் இருந்தது, ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

இப்படி இருக்கும்போது மேலிடத்தில் ஒரு முடிவு செய்தார்கள். இனிமேல் ரயில்களை டெலிபோனிலேயே நடத்துவது. ஒரே கம்பி, அதில் வரிசையாக இருபதுக்கு மேல் ஸ்டேஷன்கள். செகந்தராபாத்தில் ஒருவன் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது முந்த வேண்டும் என்று எல்லா ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் சொல்ல வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். தந்திக்காரர்களுக்குப் பேச்சுப் பரீட்சை வைப்பார்கள். தேறினால் செகந்தராபாத்திலேயே கண்ட்ரோலில் இருக்கலாம். தவறினால் காட்டு ஸ்டேஷன்.

காட்டு ஸ்டேஷன் என்றால் என்ன என்று எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் தெரியும். காஜிப்பேட்டைக்கு அப்பால் அப்படி ஒன்றில் நான்கு வருஷம் இருந்தோம். அங்கே எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. முதலாவது பிறக்கும்போதே அசைவில்லை. இரண்டாவது ஒரு பகல் முழுக்க இருந்தது. டாக்டரை அனுப்பச் சொல்லித் தந்தி அடித்தவன் நானே. டாக்டர் வந்தார், மறுநாள் வண்டியில்.

பரீட்சை அறிவிப்பு வந்தபோது பாக்கியத்துக்கு நாலு மாதம். மல்காஜ்கிரி வீட்டிலிருந்து ஜட்காவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரயில்வே ஆஸ்பத்திரி. அங்கே லேடி டாக்டர் உண்டு, நர்ஸுகள் உண்டு, வெந்நீர் போட ஆள் உண்டு. இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

3

பரீட்சை இப்படி. நான் ஒரு அறையில் டெலிபோன் முன்னால். கையில் பத்து உத்தரவுகள் எழுதிய காகிதம். இன்னொரு அறையில் புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி. நான் படிக்கப் படிக்க, காதில் விழுவதை அவர் எழுதுவார். கம்பியில் எப்போதும் இரைச்சல். எண்ணெய் காய்வதுபோல் சொரசொரவென்று இருக்கும்.

முதல் உத்தரவு சுலபமானது. கூட்ஸ் வண்டியைப் பக்கத்துத் தடத்தில் நிறுத்து, மெயில் கடக்கும்வரை. அந்தப் பக்கத்துத் தடத்துக்கு லூப் என்று பெயர். நான் படித்தேன். 'த' என்று மெல்ல வர வேண்டிய இடமெல்லாம் நீட்டித் 'தீ' என்றேன். 'பாஸ்ட்' என்று முடிய வேண்டியதைப் 'பாஸ்ஸெட்' என்று, அந்த ஈ என்ற எழுத்து கோபித்துக்கொள்ளாதபடி, தனியாக எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் "எஸ்?" என்றார். புரியவில்லை போலும் என்று இன்னும் நிதானமாக, இன்னும் சுத்தமாகச் சொன்னேன். மறுபடி "எஸ்?" இன்னும் சுத்தம். மூன்றாம் தடவை நான் சொன்னதை கல்லில் வெட்டியிருக்கலாம். அவ்வளவு தெளிவு.

அவர் எழுந்து என் அறைக்கே வந்துவிட்டார். காகிதத்தில் பாதி வெள்ளையாக இருந்தது. கோபமாகக்கூட இல்லை, பாவம், யோசனையாக இருந்தார். "உன் எழுத்தெல்லாம் எனக்குக் கேட்கிறது. வாக்கியம் கேட்கவில்லை" என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வரலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு சரி, அதற்குமேல் தடவை இல்லை.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, "அந்தக் காட்டுக்கு நான் வரமாட்டேங்க" என்றாள்.

4

பயிற்சி என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வழி உரக்கப் படிப்பது. தினம் சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து பழைய இங்கிலீஷ் பேப்பரை முழு மாத்திரையோடு முழங்குவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் ஒருவரின் வீடு. அவர் மனைவி டோரா. பாக்கியம் வைத்த பெயர் டோரம்மா. நான் படிக்க ஆரம்பித்ததும் டோரம்மாவின் கோழிகள் வேறு பக்கம் போய்விடும். டோரம்மா மட்டும் சுவர்மேல் தலையை நீட்டி, "க்யா பாக்கி, உன் ஆம்பளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று தெலுங்கும் தக்கணி உருதுவும் தமிழும் கலந்து விசாரித்துவிட்டுப் போவாள்.

பாக்கியம் ஊரில் மூன்றாம் வகுப்புத் தமிழ் படித்தவள். இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். டோரம்மா புருஷனைக் கூப்பிடுவதையும் கோழியைத் திட்டுவதையும் அர்த்தமில்லாத சத்தங்களாலேயே செய்து காட்டிச் சிரிப்பாள். 'டா டடடா, டடா' என்று போகும். ஒரு நாள் மாலை என் முழக்கம் பொறுக்காமல் பின்கட்டுக்கு வந்து, "நீங்க படிக்கறது இங்கிலீஷே இல்லைங்க. அது இப்படியா இருக்கும்? இப்படில்ல இருக்கும்!" என்று சொல்லிவிட்டு, டோரம்மா குரலில் ஒரு வரி எடுத்துவிட்டாள். அதில் ஒரு சொல்கூட இல்லை. வெறும் சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர், "கமிங், டியர்!" என்றார்.

பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் கையில் பேப்பரோடு நின்றேன். ஒரு வார்த்தை இல்லாமல் இவள் பேசியது இங்கிலீஷ் பேசும் ஒரு புருஷனுக்குப் புரிந்துவிட்டது. எல்லா வார்த்தையோடும் நான் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை. அப்படியானால் அந்த மொழி எங்கே இருக்கிறது? அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் போய் ஆச்சரியம் வந்தது.

மறுநாள் அவளிடமே உட்கார்ந்தேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "டோரம்மா பேசறது உன் காதில் எப்படி விழுது, எனக்குச் சொல்லு" என்றேன்.

"எப்படிச் சொல்றது? சில இடம் பெரிசா விழுது, சில இடம் சின்னதா விழுது" என்றாள். பிறகு முறத்தை இழுத்துப் போட்டு, ஒரு மொச்சையை வைத்தாள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகு எடுத்து மொச்சைக்குப் பக்கத்தில் இரண்டு வைத்தாள். அப்புறம் ஒரு மொச்சை. அப்புறம் ஒரு கடுகு.

டோரம்மா தன் புருஷனிடம் தினமும் கேட்கும் ஒரு கேள்வி எங்கள் இருவருக்கும் மனப்பாடம். 'வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?', எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று. அவள் பரப்பியது அதைத்தான். அதன் கடைசிச் சொல் 'ஃபார்'. அந்த இடத்தில் பாக்கியம் மொச்சையும் வைக்கவில்லை, கடுகும் வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்து ஒரு துவரம்பருப்பை வைத்தாள். பிறகு டோரம்மா சந்தைக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து கத்துவது: 'வெயிட் ஃபார் மீ', எனக்காகக் காத்திரு. அதிலும் அதே 'ஃபார்' உண்டு, நடுவில். அங்கே கடுகு வைத்தாள்.

"இரண்டும் ஒரே வார்த்தை!" என்றேன்.

"வார்த்தை எனக்கெங்கே தெரியும்? இங்கே நடுவுல மாட்டிக்கிச்சு, முழுங்கிட்டா. அங்கே கடைசில நிக்குது, கொஞ்சம் முழுசா விட்டுட்டா. அவ்வளவுதாங்க."

5

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் மொச்சை வாங்கியதெல்லாம் குழம்புக்குப் போகவில்லை. நான் மெதுவாக டோரம்மாவின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு வந்து சொல்வேன், பாக்கியம் பரப்புவாள். கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இரண்டு மொச்சைக்கு நடுவில் ஒரு கடுகு இருந்தாலும் மூன்று கடுகு இருந்தாலும் டோரம்மா ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாண்டிவிடுவாள். இதையும் கண்டுபிடித்தது பாக்கியம்தான். மூன்று இருந்தால் அவை நெருங்கி உட்கார வேண்டும். நெருங்கும்போது உயிரெழுத்துக்களின் முகம் அழிந்துபோகிறது. ஏ, ஓ, ஈ என்று காகிதத்தில் விறைப்பாக நிற்பவை எல்லாம் வாயில் ஒரே சத்தமாகிவிடுகின்றன. அகரமும் இல்லை இகரமும் இல்லை, வாய் பாதி திறந்திருக்கும்போது தானாக வரும் ஒரு மூச்சு. அதற்கு ஓர் எழுத்துக்கூட அவர்கள் ஒதுக்கவில்லை. பேச்சில் அதிகம் வருவதோ அதுதான். வாழைப்பழத்துக்கு அவர்கள் சொல்லும் பெயரில் மூன்று ஏ. நடுவில் இருப்பது மட்டும் ராஜா, முன்னும் பின்னும் இருப்பவை சேவகர்கள்.

என் உத்தியோகத்தின் பெயரே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் வெளிச்சமானது. தந்திக்கு 'டெலிகிராஃப்', பலம் முதல் எழுத்தில். தந்திக்காரனுக்கும் அதே போலச் சொல்லிவந்தேன். டோரம்மா ஒரு நாள் தன் தங்கையிடம் என்னைக் காட்டி, இவர் 'டிலெக்ரஃபிஸ்ட்' என்றாள். பலம் இரண்டாவதுக்குத் தாவிவிட்டது. தாவியதும் முதல் எழுத்து சுருங்கியது, சுருங்கியிருந்த இரண்டாவது விரிந்தது, 'கிராஃப்' இருந்த இடத்தில் ஒரு கடுகு. வால் ஒன்று சேர்ந்ததற்காக ஒரு சொல்லின் உயிர்களெல்லாம் இடம் மாறி உட்கார்கின்றன! இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒன்று உண்டு. ஒரு நாள் பரீட்சையின் முதல் உத்தரவை முறத்தில் பரப்பினோம். பிறகு பாக்கியம் கடுகையெல்லாம் ஒரு பக்கமாக ஊதித் தள்ளினாள், பெட்டியில் திரும்பப் போட வேண்டும் என்று. மிஞ்சிய மொச்சைகளை நான் வரிசையாகப் படித்தேன். ஹோல்ட். குட்ஸ். லூப். மெயில். பாஸ்ட். நிறுத்து, கூட்ஸ், லூப், மெயில், கடக்கும். இது தந்தி! ஜனங்கள் காசுக்குப் பயந்து சின்னச் சொற்களை நீக்கி எழுதிக் கொடுப்பார்களே, அதே தந்தி. நான் இத்தனை வருஷம் கையால் அடித்ததை இவர்கள் பேசும்போதே, ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும், வாயால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரைச்சலில் கடுகு எல்லாம் போனாலும் சேதி போய்ச் சேரும். நானோ கடுகுக்கும் மொச்சைக்கும் ஒரே எடை கொடுத்து, அந்த வெள்ளைக்காரரை முறம் நிறைய எதைப் பொறுக்குவது என்று தெரியாமல் திணற வைத்திருக்கிறேன். அன்று நான் அந்த மொழியைக் கும்பிட்டேன். யார் உட்கார்ந்து இப்படி யோசித்தார்கள்? ஒருவரும் இல்லை. லட்சம் வாய்கள் சேர்ந்து தெரியாமலே செய்த வேலை.

"நம்ம பாஷையில் இந்தத் திருட்டெல்லாம் கிடையாது" என்று நான் ஒரு பெருமைக்குச் சொன்னேன்.

"கிடையாதா? வந்துவிட்டதுன்னா சொல்றீங்க? வந்துருச்சுன்னுதானே சொல்றீங்க" என்றாள் பாக்கியம். "நம்ம முழுங்கறது நமக்குக் கேக்காதுங்க."

பெஞ்சின்மேல் நின்று படித்த குற்றியலுகரம் அப்போது ஞாபகம் வந்தது. சொல்லின் கடைசியில் உகரம் பாதியாகக் குறையும் என்று நம் முன்னோர் எழுதியே வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் வாங்கினேனே தவிர என் வாயில் அது நடப்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

6

இரண்டாம் தடவை அதே அறை, அதே சொரசொரப்பு, வேறு பத்து உத்தரவுகள். காகிதத்தைப் பார்த்தபோது எழுத்துக்கள் பழைய வழக்கப்படி மரியாதை கேட்டுக்கொண்டு நின்றன. ஒரு நிமிஷம் கண்ணை மூடி, எது மொச்சை எது கடுகு என்று மட்டும் பார்த்தேன். பிறகு பேசினேன். ஒரு தடவைகூட "எஸ்?" வரவில்லை. பத்தும் முடிந்ததும் அந்தப் பக்கம், "யாரிடம் படித்தாய்?" என்று கேட்டார். "வீட்டில்" என்றேன். என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை அவரிடம் எப்படி விளக்குவது?

முடிவு வர ஒரு மாதம் ஆயிற்று. இந்த ராஜ்யத்தில் காகிதம் எத்தனை மேஜையில் இளைப்பாற வேண்டுமோ அத்தனையிலும் இளைப்பாறிவிட்டு, இந்த ஊர் மாதப் பெயரில் தேதி போட்டு, உருதுவில் வந்தது. உருது காதுக்குப் புரியும், எழுத்துதான் எனக்குத் தலைகால் புரியாது. ஆபீஸ் பியூனிடம் நீட்டினேன். அவன் கண்ணாடியை மாட்டி, நிதானமாக ஒரு முறை, உதட்டை அசைத்து இன்னொரு முறை படித்தான். எனக்கு உயிர் போய்விட்டது.

"ஹவ் சாப், பாஸ். தபாத்லா நை" என்றான். ஆமாம், பாஸ், மாற்றல் இல்லை. அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் கண்ணாடி கீழே விழுந்தது.

7

பாக்கியத்துக்கு வலி எடுத்தது ஒரு மழைக்காலக் காலையில். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உள்ளே ஆண்கள் வரக் கூடாது என்று நர்ஸ் அம்மாள் கதவைச் சாத்திவிட்டாள். கண்ட்ரோலில் எனக்கு மாற்று ஆள் இல்லை. போய் உட்கார்ந்தேன். வெளியே மழை கொட்டுகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட்டு வண்டிகளை நிறுத்துகிறேன், விடுகிறேன். வாய் அதன் வேலையைச் செய்கிறது. மனது காஜிப்பேட்டைக்கு அப்பால், அந்த ஒரு பகல் முழுக்க இருந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று மணி இருக்கும். மேஜையில் இருந்த இன்னொரு டெலிபோன் அடித்தது. ஆஸ்பத்திரி. நர்ஸ் அம்மாள் வேகமாக ஒரே ஒரு வரி சொன்னாள். மழையில் கம்பி கொதித்தது. கேட்டவை நாலே சத்தம்.

ஒய்ஃப். டாட்டர். போத். வெல்.

அத்துடன் இணைப்பு அறுந்துவிட்டது.

காதில் விழாமல் போனவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நடுவில் 'இல்லை' என்று ஒன்று இருந்திருக்குமா? இருந்தால் அதைச் சின்னதாகச் சொல்லியிருக்க மாட்டாள். அதை அவர்கள் விழுங்க மாட்டார்கள். சாவை விழுங்க மாட்டார்கள். பலமான இடங்கள் எல்லாம் எனக்கு வந்துவிட்டன. மழை அடித்துக்கொண்டு போனதெல்லாம் வெறும் கடுகு. மனைவி, மகள், இருவரும், நலம். அந்த நாலுக்கு நடுவே மற்றச் சின்னச் சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. மேஜையில் தலையைக் கவிழ்த்து, காதில் மாட்டியதைக் கழற்றாமலே அழுதேன். கம்பியில் யாரோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், "கண்ட்ரோல், கண்ட்ரோல்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் உத்தியோகத்தில் ஒரு ஸ்டேஷனைக் காக்க வைத்தது அன்று ஒரு தடவைதான்.

மாலை உள்ளே விட்டார்கள். பாக்கியம் வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் ஒரு சிவந்த முகம், கொட்டாவி விட்டது. இருவரும் வெகு நேரம் அதையே பார்த்தோம்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றாள்.

"நர்ஸ் அம்மா. போன்ல."

"இங்கிலீஷ்லயா? எப்படிச் சொன்னாங்க, சொல்லிக் காட்டுங்க."

சொன்னேன். பலமானவை பலமாக, சின்னவை சின்னதாக, அந்த ஒரு வரியை முழுசாக. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.